முழங்கால் வலிக்கு மிளகாய் எண்ணெய்: வீட்டிலேயே காய்ச்சலாமா?

கோவில்பட்டியான்:

அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் வலி, வலது பக்கம் கொஞ்சம் கூடுதல். எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம், இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, வலி அதிகமானால் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டால் வலி அடங்குகிறது, ஆனால் வயிறு எரிகிறது என்று கொஞ்ச நாளிலேயே அட்டையோடு எடுத்து பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்.

இப்போது எதிர்வீட்டு அத்தை ஒருவர், வரமிளகாயை நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சி ராத்திரி தடவிக்கொண்டு படுத்தால் ஒரே வாரத்தில் மாடிப்படி ஏறலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குத் தோதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, சித்தர்கள் ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே சொன்ன மிளகாய்த் தைலமாம், மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டனவாம். அம்மா வலிக்கிற காலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார், காய்ச்சியே ஆக வேண்டும் என்று.

இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை எரிச்சலில் வலி மறந்துபோகிற கதைதானா? வீட்டில் குண்டு மிளகாயும் இருக்கிறது, நீட்டு மிளகாயும் இருக்கிறது, எதைப் போடுவது? வாணலியில் போட்டால் நெடி ஏறித் தெருவே இருமுமே, வேறு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம், பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

சுண்டவத்தல்:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனையா? எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சும்போது சீரகம், மிளகு, பூண்டுப் பல், ஒரே ஒரு வரமிளகாய் போடுவார்கள். அதைத் தேய்த்துத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஆசைப்படுகிறார் என்றால் காய்ச்சிக் கொடுங்கள்.

மாத்திரைப்பட்டை:

மேலே சொன்ன அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒரு வரமிளகாய் போட்டுத் தலைக்குத் தேய்த்து அரை மணியில் சீயக்காய் போட்டு அலசுவது வேறு, கைப்பிடி மிளகாய் போட்டு முட்டியில் தடவி ராத்திரி முழுக்க விடுவது வேறு. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன், இந்தக் கேள்வி கவுண்டருக்கு அடிக்கடி வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதில் சரக்கு இருக்கிறது, கட்டுக்கதை இல்லை. மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருவது. நம் தோலில் வலியையும் சூட்டையும் மூளைக்குச் சொல்கிற நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்று ஒரு வாசல் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். கேப்சைசின் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது, அதனால்தான் தோல் வேகாமலேயே வேகிற மாதிரி எரிகிறது. இதை 1997-இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் கிடைத்தது, ஆர்டம் படபூட்டியன் என்பவரோடு சேர்த்து. சரி, வலி எப்படிக் குறைகிறது? திரும்பத் திரும்பத் தடவினால் அந்த நரம்பு நுனிகள் ஓய்ந்துபோகின்றன, வலிச் செய்தியை முன்போல் அனுப்புவதில்லை. திரும்பத் திரும்ப என்பதுதான் முக்கியம். கடையில் விற்கும் கேப்சைசின் க்ரீமையே ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, இரண்டிலிருந்து நான்கு வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். முதல் சில நாள் எரிச்சல் மட்டும்தான் மிச்சம். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்திலேயே ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, எரிந்ததுதான் கண்ட பலன் என்று கடைக்கு வந்து சண்டை போடுவார்கள். ராத்திரி ஒரு வேளை தடவி ஒரே வாரத்தில் மாடி ஏறுவது எல்லாம் நடக்கிற காரியம் இல்லை.

முழங்கால் தேய்மானத்துக்கு இதைப் பெரிய அமைப்புகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல், முழங்காலுக்குப் போட்டுப் பார்க்கலாம், கைவிரல் மூட்டுக்கு வேண்டாம் என்கிறது. கையில் போட்டால் அந்தக் கை எப்படியும் கண்ணுக்குப் போகும், அதனால்.

இனி அளவு. க்ரீம் 0.025 சதவீதம், 0.075 சதவீதம் என்று இரண்டு வலுவில் வரும். வீட்டு எண்ணெய் எந்த வலு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரத்தை ஸ்கோவில் என்ற அளவில் சொல்வார்கள், 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளுநர் கொண்டுவந்தது. சுத்தமான கேப்சைசின் 1 கோடியே 60 லட்சம் ஸ்கோவில். குண்டூர் சன்னம் ரகம் 35,000 முதல் 40,000 வரை. ஆக, ஒரு கிராம் வத்தலில் கேப்சைசினும் அதன் கூட்டாளிகளும் சேர்த்து இரண்டரை மில்லிகிராமுக்குள் இருக்கும். 10 கிராம் வத்தலை 100 மில்லி எண்ணெயில் போட்டு, உள்ளது அத்தனையும் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 0.025 சதவீதம் வருகிறது. அட, க்ரீமின் அளவேதான்! அப்படியென்றால் காய்ச்சிவிடலாமே என்று நினைப்பீர்கள். ஆனால் அதே பத்து கிராம் பியாடகி மிளகாயாக இருந்தால் அதில் பாதிகூடத் தேறாது, காந்தாரி மாதிரி ஊசி மிளகாயாக இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். பலசரக்குக் கடையில் நீட்டு மிளகாய் என்று கேட்டால் எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரியாது. நிறத்தைப் பார்த்தும் கணிக்க முடியாது, பியாடகி ரத்தச் சிவப்பு, காரம் கம்மி. ஒரு தடவை காய்ச்சியது சாதுவாக இருக்கும், அடுத்த தடவை அதே கைப்பக்குவத்தில் காய்ச்சியது தோலை உரித்துவிடும். அதனால் என் யோசனை, ட்யூபே வாங்கிவிடுங்கள், சரக்கு அதுவேதான், அளந்து வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள், சில வலி ஜெல்களில் டைக்ளோஃபினாக், மெந்தால் இவற்றோடு கேப்சைசினும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே அப்படி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தால் அதன் மேல் மிளகாய் எண்ணெயையும் போட்டு டபுள் டோஸ் ஆக்காதீர்கள்.

குறுக்குக்கேள்வி:

அந்த ஐயாயிரம் வருடக் கதையை மட்டும் நான் கவனிக்கிறேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியதற்குப் பிறகு போர்ச்சுகீசியர் கப்பல்களில்தான் இங்கே வந்தது. அதற்கு முன்னால் இங்கே காரத்துக்கு மிளகு, திப்பிலி, சுக்கு. ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய சித்தர் யாரும் மிளகாயைக் கண்ணாலேயே பார்த்திருக்க முடியாது. சித்த மருந்துக் கடைகளில் விற்கிற மிளகுத் தைலம் வேறு சங்கதி, நீர்க்கோவைக்குத் தலைக்குத் தேய்ப்பது. அதையும் இதையும் போட்டுக் குழப்பித்தான் இந்த மாதிரிச் செய்திகள் உருவாகின்றன. ஃபார்வர்டு பண்ணியவரிடம் இதைச் சொன்னால் குடும்பக் குழுவிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியான்:

எல்லாருக்கும் நன்றி. ட்யூப் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், "கடையில விக்கிறதுல என்னத்தப் போட்டிருக்கானோ, நம்ம வீட்டு மிளகாய் நமக்குத் தெரியாதா" என்கிறார். நான் செய்து தராவிட்டால் நான் வேலைக்குப் போன நேரத்தில் அவரே வாணலியை வைத்துவிடுவார், அது நிச்சயம். அதனால் காய்ச்சத்தான் வேண்டும் என்றால் எப்படிக் காய்ச்சுவது என்றும் யாராவது சொல்லிவிடுங்கள்.

அடுப்படிக்காரி:

நான் இதைச் சமையலுக்கு அடிக்கடி செய்கிறவள், ஆகையால் காய்ச்சுகிற பாகத்தை நான் சொல்கிறேன்.

முதலில் குண்டு மிளகாயை எடுத்து வைத்துவிடுங்கள். ராமநாதபுரம் முண்டு 2023-இல்தான் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, சாம்பாருக்கும் காரக்குழம்புக்கும் தாளிக்க வேண்டிய சாமானை முட்டியில் தடவி வீணாக்க வேண்டாம். நீட்டு வத்தலே போதும். மாத்திரைப்பட்டை சொன்ன 10 கிராமில் பாதி, 5 கிராம், 100 மில்லி நல்லெண்ணெய்க்கு. சமையலறைத் தராசு இல்லையென்றால் பலசரக்குக் கடையில் நிறுத்து வாங்குங்கள், கைப்பிடி என்கிற அளவு உங்கள் கைக்கு ஒன்று, அம்மா கைக்கு ஒன்று. மிளகாய் மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும், நமுத்துப் போனதைப் போட்டால் எண்ணெய் சீக்கிரம் கெடும். காம்பைக் கிள்ளிவிட்டுக் கத்தரிக்கோலால் இரண்டாக நறுக்கினால் போதும். விதையைத் தட்டிவிட்டால் காரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், காரம் உள்ளே ஓடுகிற வெள்ளை நரம்பில் இருக்கிறது, விதையில் ஒட்டியிருப்பது அதிலிருந்து வந்தது.

வாணலி வேண்டவே வேண்டாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சிறு தீயில் சூடாக்கி, அதற்குள் எண்ணெயும் மிளகாயும் போட்ட எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், ஆவி பறந்தால் போதும். முக்கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். எண்ணெய் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வரும், வாசனை வரும், ஆனால் இருமல் வராது. இருமல் வந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது, மூடி போட்டீர்கள் என்றால் ஆவி சொட்டும், அதனால் திறந்தே இருக்கட்டும்.

அப்புறம் வடிகட்டுகிற இடத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வது. பழைய வேட்டித் துணியில் ஊற்றி, கடைசியில் துணியைக் கையால் முறுக்கிப் பிழிவோம் இல்லையா, அது பழக்கதோஷத்தில் தானாக நடந்துவிடும். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க கை காந்தும். பிழியவே பிழியாதீர்கள், துணியைக் கிண்ணத்தின் வாயில் கட்டிவிட்டுப் போய்விடுங்கள், தானாக வடியட்டும். கையில் பட்டுவிட்டால் தண்ணீரை ஊற்றிப் பயன் இல்லை, காரம் தண்ணீரில் கரையாது. சாதா தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டுக் கழுவுங்கள்.

பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் என்று ஈரமான எதையும் "கூடுதல் சத்து" என்று உள்ளே போட வேண்டாம். இன்னொன்று, பாட்டிலின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பார்க்க நல்லெண்ணெய் மாதிரியே இருக்கும், வீட்டில் யாராவது தலைக்கு வைத்துக்கொண்டால் நேராகக் கண்ணுக்கு வழியும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முட்டிக்கால்:

பிசியோதெரபிஸ்ட். ஒரு கேள்வி யாருமே கேட்கவில்லை. அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா?

கோவில்பட்டியான்:

இருக்கிறது. ரொம்ப வருடமாக மாத்திரையில்தான் ஓடுகிறது. ஏன் கேட்கிறீர்கள்? இப்போதெல்லாம் பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியவில்லை என்பார். அந்த எண்ணெய் வந்தால் பாதத்துக்கும் சேர்த்துத் தடவலாம் என்று நேற்றுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முட்டிக்கால்:

நான் பயந்தது இதற்குத்தான். பாதத்துக்கு இந்த எண்ணெய் கண்டிப்பாகக் கூடாது. செருப்பு கழன்றது தெரியாத காலுக்குத் தோல் புண்ணாவதும் தெரியாது. மற்றவர்களுக்கு எரிச்சல் தாங்காமல் கழுவத் தோன்றும், அந்த எச்சரிக்கையே இவருக்கு வராது. சர்க்கரைக்காரர் பாதத்தில் ஒரு சின்னக் கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். இதே கேப்சைசினைச் சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு வெளிநாடுகளில் 8 சதவீதப் பட்டையாக ஒட்டுகிறார்கள், உண்மைதான், ஆனால் அது மருத்துவமனையில், பாதத்தில் புண் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பாதத்துக்கு அரை மணி நேரம் மட்டும், ஒட்டுகிறவர் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு செய்கிற வேலை. சாதா ரப்பர் கையுறைகூட அதற்குப் போதாது. அதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அந்த மதமதப்பைத் தனியாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லாதே என்றீர்கள், இதற்கு மட்டும் சொல்கிறேன். ஊசி மாதிரி நைலான் இழையை வைத்துப் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், ஐந்து நிமிட வேலை.

முழங்காலுக்கு, அந்த இடத்தில் உணர்ச்சி சரியாக இருந்தால், போட்டுப் பார்க்கலாம். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்து மறுநாள் வரை பாருங்கள். சிவந்து தடித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முட்டியின் இரண்டு பக்கமும் லேசாக, அரைத் தேக்கரண்டிகூட வேண்டாம். வெந்நீரில் குளித்த உடனே தடவக் கூடாது, தடவிவிட்டு வெந்நீர் ஒத்தடமும் கூடாது, சூடும் வேர்வையும் சேர்ந்தால் அடங்கின எரிச்சல் மறுபடி கிளம்பும். துணி சுற்றி இறுக்கிக் கட்டுவது, மேலே பிளாஸ்டிக் பேப்பர் சுற்றுவது, வாட்ஸ்அப்பில் வருகிற இதெல்லாம் தோலைப் பொத்துவிட வைக்கிற வழிகள். சொறிந்த இடம், வெடிப்பு, புண் எதிலும் படக் கூடாது.

என் தொழிலுக்கு வருகிறேன். எண்ணெய் வலியை மழுங்க வைக்கும், தேய்ந்த மூட்டுக்கு முட்டுக் கொடுக்காது. முட்டுக் கொடுப்பது தொடையின் முன்பக்கத் தசை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். சீரியல் பார்க்கிற நேரத்தில் செய்தால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதை நிறுத்தி மேசைக்கு மாற்றுங்கள். கழிப்பறை குந்தி உட்காருகிற மாதிரி இருந்தால் அதற்கு மேல் போடுகிற ஸ்டூல் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் முட்டிக்குப் பெரிய நிம்மதி. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் எந்த எண்ணெய் நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள், பயிற்சி என்றதும் முகம் சுருங்கிவிடும்.

கருகருகூந்தல்:

இதையே தலைக்குத் தடவினால் முடி வளரும் என்கிறார்களே, உண்மையா?

மாத்திரைப்பட்டை:

வளரும் என்று நம்பித் தடவுகிற அளவுக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. வேர்வையோடு நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போகும் என்பதற்கு மட்டும் ஆதாரம் தேவையில்லை. வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, கோவில்பட்டியான். அம்மா பிரஷர் மாத்திரை போடுகிறாரா? சுகரோடு அதுவும் இருக்கத்தான் வாய்ப்பு. ரேமிப்ரில், எனலாப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடிகிற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், மேலே கேப்சைசின் தடவினால் அந்த இருமல் கூடலாம். அட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோவில்பட்டியான்:

பார்த்தேன், "ப்ரில்" இல்லை, "சார்டன்" என்று முடிகிறது.

பாதத்துக்குக் கிடையாது என்று சொல்லியாகிவிட்டது, கொஞ்சம் முணுமுணுப்பு, ஆனால் புண் என்ற வார்த்தை வேலை செய்தது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் விரலை எடுத்தார்கள், அவரை அம்மாவுக்குத் தெரியும். அடுத்த வாரம் அந்த நைலான் இழைச் சோதனைக்கு அழைத்துப் போகிறேன். முட்டிக்கு அடுப்படிக்காரி சொன்ன கணக்கில் 5 கிராம் போட்டு ஞாயிற்றுக்கிழமை நானே காய்ச்சித் தருகிறேன், பக்கத்திலேயே 0.025 ட்யூபையும் வாங்கி வைக்கிறேன், எதைத் தொடுகிறார் பார்ப்போம்.

இதற்கிடையில் எதிர்வீட்டு அத்தை அவர் காய்ச்சியதையே ஒரு பாட்டில் கொடுத்தனுப்பிவிட்டார். அடியில் பூண்டு கிடக்கிறது, பச்சை மிளகாய் மாதிரியும் ஏதோ தெரிகிறது. தடவ மாட்டோம் சரி, இட்லிப் பொடிக்கு ஊற்றிக்கொள்ளலாமா? வாசனை பிரமாதமாக இருக்கிறது.

அடுப்படிக்காரி:

ஐயோ, வேண்டாம். பூண்டும் பச்சை மிளகாயும் ஈரத்தோடு எண்ணெய்க்கு அடியில் காற்றுப் படாமல் கிடந்தால் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்கிற கிருமி வளர்வதற்குத் தோதான இடம். சாதாரணக் கொதியில் அதன் வித்துகள் சாகாது, கெட்ட வாசனையும் வராது, ஆனால் அது உண்டாக்குகிற விஷம் ஆளையே முடக்கும். பூண்டு எண்ணெய் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அத்தை எப்போது காய்ச்சினார், எங்கே வைத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? பழைய செய்தித்தாளில் ஊற்றி உறிஞ்சவிட்டுக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் ஊற்றினால் பாத்திரம் கழுவுகிறவர் கை காந்தும். காலிப் பாட்டிலைக் கழுவி, அதில் கொஞ்சம் எள்ளுருண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அத்தை ஒன்றும் கேட்க மாட்டார்.